கொறங்காட்டைக் கூறுபோட சோலார் வேலி வாங்கலாமா?

செம்மறி வளர்க்கும் ஆட்கள் நாலு பேர் கூடினால் இப்போது பேச்சு சோலார் வேலியில்தான் வந்து நிற்கிறது. வெயிலில் சார்ஜ் ஆகி, தொடும் ஆட்டுக்குச் சுருக்கென்று ஷாக் கொடுக்கும் கயிற்று வேலி அது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: சுற்றிலும் கிளுவை முள்செடி நட்டு வளர்த்த வேலி உயிரோடு இருக்கிற கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம், உங்களிடம் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். வெளிவேலியே இல்லாத மொட்டைக் காட்டில் இதை மட்டும் நம்பி ஆட்டை விடுவதாக இருந்தால் வேண்டாம்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொறங்காடு பற்றிக் கொஞ்சம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் பக்கம், அப்படியே கரூர் வரைக்கும், மானாவாரி நிலத்தைக் கிளுவை வேலி போட்டு அடைத்து மேய்ச்சலுக்கென்றே விட்டிருப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், மழை நன்றாக இருந்தால் நரிப்பயறும் படர்ந்திருக்கும். கோடையில் புல் காய்ந்த பிறகும் மரத்திலிருந்து உதிரும் வேலங்காயைத் தின்றே ஆடுகள் உடம்பு குறையாமல் நிற்கும். காங்கேயம் மாடும் மேச்சேரிச் செம்மறியும் இந்தக் காட்டை நம்பித்தான் இருக்கின்றன. அப்பாரு காலத்தில் ஒரு குடும்பத்துக்கு இப்படி மூன்று நாலு காடு இருக்கும். ஒன்றில் புல் குறைந்ததும் கடவைத் திறந்து அடுத்ததற்கு ஓட்டிவிடுவார்கள், மேய்ந்த காடு ஓய்வெடுக்கும். சுழற்சி மேய்ச்சல் என்று இன்று பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லித் தருகிறார்களே, அதை இங்கே பெயர் வைக்காமலே செய்துகொண்டிருந்தார்கள்.

பாகப்பிரிவினையில்தான் அது கெட்டது. அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டதும் ஆளுக்கு ஒரு காடுதான் மிச்சம். அந்த ஒரே நாலு ஏக்கரில் வருஷம் முழுக்க ஆடு நின்றால் என்ன ஆகும்? ஆடு தனக்குப் பிடித்ததைத்தான் முதலில் கடிக்கும், கொழுக்கட்டைப்புல் துளிர்க்கத் துளிர்க்க அதையே திரும்பத் திரும்பக் கடித்து வேரை வலுவிழக்கச் செய்துவிடும், கடிக்காமல் விட்ட களை தழைக்கும், அப்புறம் பார்த்தீனியம் வந்து உட்காரும். இன்றைக்குப் பல கொறங்காடுகள் பாழாகக் கிடப்பதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது.

அந்த ஒற்றைக் காட்டுக்குள்ளேயே நாலு காட்டின் சுழற்சியைத் திருப்பிக் கொடுப்பதால்தான் இந்தச் சாமானை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

நான் வாங்கியது 20 வாட் பேனல், 12 வோல்ட் பேட்டரி, வேலிக்கு மின்துடிப்பு அனுப்பும் பெட்டி. இவற்றோடு மெல்லிய எஃகு இழை கலந்து முறுக்கிய நைலான் கயிறு, கையால் குத்தி நிறுத்தக்கூடிய ஃபைபர் குச்சிகள், கயிறு சுற்றும் ராட்டை. எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. நாலு ஏக்கருக்குள் கல்கால் நட்டு நிரந்தரமாகக் கம்பி வேலி அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை, பிடிக்காவிட்டால் சுருட்டி விற்றுவிடவும் முடியும்.

காட்டை எட்டுக் கூறாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரு கூறு அரை ஏக்கர். எட்டுக்கும் வேலி போட வேண்டாம், முன்னால் ஒரு கயிற்று வரிசை, பின்னால் ஒரு வரிசை இருந்தால் போதும். ஆடு முன்னே நகர, பின்வரிசையைப் பிடுங்கி முன்வரிசைக்கு அப்பால் நடலாம். கூறுக்கு 4 நாள் என்று வைத்தால் சுற்று முடிய 32 நாள், ஆக மேய்ந்த இடத்துக்கு 28 நாள் ஓய்வு கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஓய்வு புல்லில் அப்படியே தெரிகிறது, அடித்தூர் கட்டி வருகிறது. மாசிக்கு மேல் நிலைமை வேறு. மண்ணில் ஈரம் இல்லாமல் புல் வளரவே வளராது, அப்போது கூறு மாற்றுவது இருப்பதைப் பங்கிட்டுக் கொடுப்பது மட்டும்தான். அந்த மாதங்களுக்குச் சோளத்தட்டு கையிருப்பு வேண்டும், வேலி விற்கிறவர் என்ன சொன்னாலும் சரி.

குடற்புழு விஷயத்தில் கிடைக்கும் லாபத்தை யாரும் சரியாக எடுத்துச் சொல்வதில்லை. புழுக்கையோடு விழும் முட்டை பொரிந்து, ஆட்டுக்குள் போனால் தொற்றக்கூடிய நிலைக்கு வர, ஈரமும் சூடும் உள்ள காலத்தில் ஒரு வாரம் போல ஆகும். நாலாம் நாளே மந்தையை நகர்த்திவிட்டால் தான் போட்ட புழுக்கையின் புழுவைத் தானே மேய்வது பெருமளவு குறைகிறது. நாலு வாரம் கழித்துத் திரும்பி வருவதற்குள் வெயிலில் கணிசமானவை செத்திருக்கும். எல்லாம் சாகாது, மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணின் உள்இமையைப் பார்த்து வெளுத்திருக்கும் ஆட்டுக்கு மட்டும் மருந்து ஊற்றினால் போதும் என்கிற நிலைக்கு வரமுடியும். மந்தை முழுக்க அடிக்கடி ஊற்றி ஊற்றித்தான் மருந்துக்கே அசையாத புழுக்களை வளர்த்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

இனி குறைகள். முதல் குறை எர்த். வேலி ஷாக் அடிக்க வேண்டுமானால் மின்சாரம் கயிற்றிலிருந்து ஆட்டின் வழியாக மண்ணில் இறங்கி எர்த் கம்பிக்குத் திரும்ப வேண்டும். நம் சரளை மண் சித்திரையில் எலும்பாகக் காய்ந்துவிடும், மின்சாரம் போக வழியே இருக்காது. எனக்கு விற்ற கடையில் ஒரே ஒரு இரண்டடிக் கம்பியைக் கொடுத்து இது போதும் என்றார்கள். போதவே போதாது. துத்தநாகம் பூசிய ஆறடி இரும்புக் (ஜி.ஐ.) கம்பி மூன்று வாங்கி, பத்தடி இடைவெளியில், முடிந்தால் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஈரம் இருக்கிற இடத்தில் அடியுங்கள். கோடைக்கு இன்னொரு வழியும் உண்டு, மூன்று கயிற்றில் நடுக்கயிற்றை எர்த்தோடு இணைத்துவிட்டால் ஆடு இரண்டு கயிற்றையும் சேர்த்துத் தொடும்போது மண் காய்ந்திருந்தாலும் அடிக்கும். கயிற்றின் உயரம் தரையிலிருந்து எட்டு அங்குலம், ஒன்றரை அடி, இரண்டரை அடி என்று வைத்தால் மேச்சேரிக்குச் சரியாக இருக்கிறது. பால்குடிக் குட்டிகள் அடியில் நுழைந்து போகத்தான் செய்யும், தாய் இந்தப் பக்கம் இருப்பதால் திரும்பி வந்துவிடும். வெள்ளாட்டுக்கு இந்த மூன்று கயிறு உதவாது.

மழைக்காலத்தில் கீழ்க்கயிற்றில் புல் உரசினால் மின்சாரம் கசிந்து வோல்ட் இறங்கிவிடும், வரிசைக்கு அடியில் அரிவாள் ஓட்ட வேண்டும். செம்மறிக்கு 3,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். அதைப் பார்க்க இதற்கென்றே உள்ள டெஸ்டர் வேண்டும், வீட்டு மல்டிமீட்டரை வைத்தால் அதுதான் போகும். இடி இடிக்கும் நாளில் பெட்டியைக் கயிற்றிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள்.

தண்ணீரையும் யோசித்துவிட்டு வாங்குங்கள். எட்டுக் கூறிலிருந்தும் தொட்டிக்குப் போக வழி வேண்டும். காட்டின் ஒரு ஓரமாக இட்டேரி போல ஒரு தடம் விட்டுக் கயிறு கட்டினால் தொட்டியை நகர்த்தும் வேலை இல்லை.

நாய்த்தொல்லைக்கு இது தீர்வா என்று கேட்கிறார்கள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறியதும், செத்த ஆடுகளோடு விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்து போராடியதும் எல்லோருக்கும் தெரியும். குச்சியில் நிற்கும் மூன்று கயிறு கூட்டமாக ஓடி வரும் நாயை நிறுத்தும் என்று நம்ப வேண்டாம். மூக்கு பட்டால்தான் நாய்க்கு உறைக்கும், பாய்ந்து வரும்போது ரோமத்தில் பட்டால் உள்ளே வந்துவிடும், உள்ளே மிரண்ட ஆடுகள் கயிற்றையே சாய்த்துவிடும். ராத்திரிக்கு நல்ல பட்டியும், சந்து இல்லாத கிளுவை வேலியும் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கிளுவைக்குப் போத்து வெட்டி நடுவதைத் தவிர செலவு கிடையாது, தயவுசெய்து அதைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடாதீர்கள்.

இன்னொன்றைக் கோபத்தோடேயே சொல்கிறேன். காசு மிச்சம் பிடிக்க வீட்டு லைனிலிருந்து நேரடியாக வேலிக்குக் கரன்ட் கொடுக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அது குற்றம், அதில் மனிதர்களும் யானைகளும் செத்திருக்கிறார்கள். நல்ல பெட்டி நொடிக்கு ஒரு தடவை, கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத் துடிப்பு அனுப்பும், சுருக்கென்று வலிக்கும், ஆளைப் பிடித்து வைக்காது. வாங்கும்போது பெட்டிக்குத் தரச்சான்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மின்வேலிகளுக்குத் தமிழ்நாடு அரசு 2023-இல் தனி விதிகளும் கொண்டுவந்திருக்கிறது. காப்புக்காட்டுக்குப் பக்கத்தில் நிலம் இருப்பவர்கள் வனத்துறையிடம் கேட்காமல் கயிறு கட்டாதீர்கள்.

பொருளுக்கு ஐந்தில் நாலு கொடுப்பேன், விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கு ஒன்றுதான். சார்ஜ் ஏற்றும் பலகை போனபோது போனை எடுக்கவே ஆளில்லை, கடைசியில் ஊரில் யு.பி.எஸ். பழுது பார்க்கும் பையன்தான் மாற்றிக் கொடுத்தான். ஆகவே நாலு மணி நேரத்துக்குள் போய் வரக்கூடிய ஊரில் உதிரிபாகம் கிடைக்கும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பேட்டரியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும், அந்தக் காசையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். வாங்குவதானால் ஆவணிக்குள் வாங்கி, ஆடுகளைக் கிளுவை வேலிக்குள்ளேயே ஒரு மூலையில் கயிற்றுக்குப் பழக்கிவிட்டால், ஐப்பசிப் புல் வரும்போது முதல் கூறில் இறக்கிவிடலாம்.