இலங்கை குரூப் டூர்: கைடுக்கு முழு மார்க், பயணத் திட்டத்துக்குப் பாதி

இலங்கைக்குக் குரூப் டூரில் போகலாமா என்று கேட்டால் தாராளமாகப் போகலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் பணம் கட்டும் முன்னால், எந்த நாளில் எத்தனை மணிக்கு எங்கே இருப்போம் என்ற தாளைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் படித்துவிடுங்கள். நாங்கள் எடுத்தது ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான பேக்கேஜ், கொழும்பில் இறங்கி சிகிரியா, பொலன்னறுவை, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, காலி என்று சுற்றிவிட்டு மறுபடியும் கொழும்பு. ஏசி பஸ் நன்றாக இருந்தது, ஹோட்டல்கள் சுத்தம், விமான நிலையத்தில் காக்க வைக்கவில்லை. இதற்கு மேல் இவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, ஏனென்றால் ஒரு டூர் நன்றாக இருந்ததா என்பதை இவை முடிவு செய்வதில்லை. நல்ல இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கவிட்டார்கள், நின்றபோது அந்த இடத்தைப் பற்றி யார் பேசினார்கள், இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

இரண்டாவதில் எங்களுக்கு அதிர்ஷ்டம். கைடு மாத்தளைப் பக்கத்துக்காரர், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தண்ணீர்பட்ட பாடு. இலங்கையில் கைடுகளுக்கு அரசின் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை உரிமம் தருகிறது. நாடு முழுக்கக் கூட்டிப்போக உரிமம் வாங்கிய தேசிய கைடு ஒரு வகை, வண்டியையும் ஓட்டி விளக்கமும் சொல்கிறவர் இன்னொரு வகை. நாலு பேர் வேனில் போவதென்றால் இரண்டாவது வகையே போதும். பஸ் நிறைய ஆள் என்றால் ஓட்டுகிறவர் மலை வளைவுகளைப் பார்ப்பாரா, கதை சொல்வாரா? 'கைடு உண்டு' என்று பேக்கேஜில் போட்டிருந்தால் எந்த வகை, எங்கிருந்து எங்கே வரைக்கும் கூட வருவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிரியாவில் அவர் செய்தது ஒன்றே போதும், அவருக்கு முழு மார்க் கொடுக்க. திட்டத்தில் காலை பத்து மணி என்று இருந்ததை மாற்றி, விடிந்ததும் எங்களைக் கிளப்பிக் கூட்டிப்போனார். கிட்டத்தட்ட 1,200 படி, மேலே போகப் போக நிழலே கிடையாது, பத்து மணிக்கு ஏற ஆரம்பிக்கிறவர்கள் பாதியில் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நாங்கள் இறங்கும்போது பார்த்தோம். 5-ஆம் நூற்றாண்டில் காசியப்பன் அப்பாவைக் கொன்று ஆட்சியைப் பிடித்துவிட்டு, தம்பி படையோடு வருவான் என்ற பயத்தில் இந்தப் பாறை உச்சியில் அரண்மனை கட்டினான் என்ற கதையைக் கீழே நீர்த் தோட்டத்திலேயே சொல்லி முடித்துவிட்டார். அதனால் மேலே போனபோது மூச்சு வாங்கிக்கொண்டே கதை கேட்க வேண்டியிருக்கவில்லை. பாதி வழியில் சுருள் படியில் ஏறினால் குகைச் சுவரில் சிகிரியாவின் புகழ்பெற்ற பெண்களின் ஓவியங்கள், போட்டோ எடுக்க அனுமதி இல்லை. அதைத் தாண்டினால் பளபளப்பாகப் பூசிய கண்ணாடிச் சுவர். அந்த ஓவியங்களைப் பார்க்க வந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அதில் சிங்களப் பாட்டாகக் கீறிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பரணவிதான என்ற தொல்லியல் அறிஞர் அவற்றில் 685 பாட்டைப் படித்துப் பதிப்பித்தார். கைடு ஒரு இடத்தில் எங்களைப் பக்கவாட்டில் நிற்க வைத்து, வெயில் சாய்வாக விழுகிற கோணத்தில் பார்க்கச் சொன்னார். அதுவரை வெறும் சுவராகத் தெரிந்ததில் மெல்லிய எழுத்து வரிகள் எழுந்து வந்தன. தனியாக வந்திருந்தால் நேரே நடந்து போயிருப்போம். இந்தியா உட்பட சார்க் நாட்டவருக்கு டிக்கெட்டில் சலுகை உண்டு, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். குளவிக் கூடுகள் இருப்பதால் சத்தம் போடக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொலன்னறுவையில்தான் முதல் கோபம். கல் விகாரையில் ஒரே பாறை முகத்தில் வெட்டிய புத்தர் சிலைகள், அதில் படுத்த நிலையில் இருப்பது மட்டும் சுமார் 14 மீட்டர். அந்தச் சிலையில் தலையணை எவ்வளவு அழுந்த வேண்டுமோ அவ்வளவு அழுந்தியிருக்கிறது, கல்லில். அங்கே நேரம் கொடுத்தார்கள், சரி. ஆனால் இரண்டாம் சிவ தேவாலயம் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிற சோழர் கோயில் திட்டத்திலேயே இல்லை. அதன் பழைய பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம், ராஜராஜனின் தேவி பெயரில் 11-ஆம் நூற்றாண்டில் கட்டியது, முழுக்கக் கருங்கல், சுவரில் தமிழ்க் கல்வெட்டு. சோழர்கள் பொலன்னறுவைக்கு ஜனநாத மங்கலம் என்று பெயர் வைத்து அங்கிருந்துதான் ஆண்டார்கள். தமிழ்க் குழுவைக் கூட்டி வருகிற நிறுவனத்துக்கு இது தெரியாதா? நாங்கள் கேட்டதும் கைடு பஸ்ஸை நிறுத்தினார், பதினைந்து நிமிடம். விமானத்தைப் பார்த்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் எங்கேயோ ஒரு சின்னக் கோயிலுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் கல்வெட்டு ஆரம்பிக்கிற 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள்.

அந்தப் பதினைந்து நிமிடத்தை ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன் என்றால், அடுத்த நாள் மாத்தளையில் ஒரு மூலிகைத் தோட்டத்தில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஏலக்காய்ச் செடி, மிளகுக் கொடி, வெனிலா என்று முதல் பத்து நிமிடம் சுற்றிக் காட்டினார்கள், மீதி நேரம் முழுக்க முடி உதிர்வுத் தைலமும் மூட்டுவலிக் களிம்பும். கண்டியில் ரத்தினக் கடை, முதலில் சுரங்கம் பற்றி ஒரு வீடியோ, பிறகு கதவைத் திறந்தால் நேராக விற்பனைக் கவுண்டர். அதற்கப்புறம் பாத்திக் துணிக்கடை. இங்கெல்லாம் வண்டி நின்றால் கூட்டி வந்தவர்களுக்குக் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த விஷயம், பேக்கேஜ் விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வாங்க ஆசைப்படுகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் வேண்டாம் என்கிறவர்கள் அந்த நேரத்தில் வேறு எதையாவது பார்க்க ஒரு வழி வைத்திருக்க வேண்டும். கண்டியில் அது கஷ்டமே இல்லை, ஏரியைச் சுற்றி நடந்தால்கூடப் போதும். அந்த ஏரியை 1807-ல் வெட்டியவன் கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் வம்சத்துக்காரன், 1815-ல் வெள்ளைக்காரர்கள் பிடித்து வேலூர்க் கோட்டையில் வைத்திருந்து 1832-ல் அங்கேயே இறந்துபோனான். புத்தரின் பல்லைப் பேழையில் வைத்திருக்கிற தலதா மாளிகையில் மாலைப் பூசைக்குப் போனோம். கீழே மேளம் முழங்க, மேலே வரிசை நகர்ந்து அந்தச் சின்ன வாசல் வழியாகப் பேழை கண்ணில் பட்டது ஒரு சில விநாடிதான். முழங்காலும் தோளும் மூடிய உடை கட்டாயம். எந்தப் புத்தர் சிலைக்கும் முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுக்காதீர்கள், அதை அங்கே அவமரியாதையாகத்தான் பார்க்கிறார்கள்.

நுவரெலியா போகிற வழியில் தேயிலைத் தொழிற்சாலை. இது நன்றாக இருந்தது. மாடியில் நீளமான தொட்டிகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி அடியிலிருந்து காற்றுவிட்டு வாட்டுகிறார்கள், கையில் அள்ளினால் துணி மாதிரி துவண்டு கிடக்கிறது. கீழே இறங்க இறங்க பச்சை வாசம் மாறி, உலை அறைக்கு வரும்போது நமக்குத் தெரிந்த டீ வாசம். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் ஆரம்பித்தது, காப்பிப் பயிரை இலைத்துரு நோய் அழித்த பிறகு மலை முழுக்கத் தேயிலை ஆனது என்றெல்லாம் தொழிற்சாலைப் பெண் அழகாகச் சொன்னார். அந்த மலைகளைத் தோட்டமாக்கியது யார் என்பது மட்டும் அந்த விளக்கத்தில் வரவில்லை.

அதைச் சொன்னது மறுபடியும் எங்கள் கைடுதான், பஸ்ஸில் மைக்கை எடுத்து. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் என்ற ஆள்பிடிக்கிறவர்கள் கூட்டிவந்த குடும்பங்கள், 1948-ல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றியது, நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை வருடக்கணக்கில் இழுத்து 2021-ல்தான் நிறைவேறியது. 'போட்டோ ஸ்டாப்' என்று திட்டத்தில் போட்டிருந்த இடத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு நிமிர்ந்து பார்த்து, "தமிழ்நாட்டுலேர்ந்தா வர்றீங்க?" என்றார். எங்கள் குழுவில் ஒரு அம்மா அவரோடு பேச ஆரம்பித்துவிட்டார். மழை நாளில் கொழுந்து நனைந்திருந்தால் தண்ணீருக்கென்று கிலோவைக் கழித்துக்கொள்வார்கள் என்று அந்த அக்கா சொல்லிக்கொண்டிருந்தபோதே எங்களில் பாதிப் பேர் கூடையை வாங்கி மாட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நீங்கள் போனால் ஐந்து நிமிடம் பேசுங்கள், பறிக்கிற நேரம் அவர்களுக்குக் கூலி என்பதை நினைவில் வைத்து, போட்டோ எடுத்தால் கேட்டுவிட்டு எடுத்து, கையில் கொஞ்சம் பணமும் கொடுங்கள்.

ரயில் பற்றி ஒரு முக்கியமான விஷயம். நானுஓயாவிலிருந்து எல்ல வரைக்குமான பயணம் உண்மையிலேயே சொன்னதற்குக் குறைவில்லை. 1,891 மீட்டர் உயரத்தில் பட்டிபொல ஸ்டேஷன், அதைத் தாண்டி சுரங்கம் முடிந்ததும் மலையின் மறுபக்கம், மூடுபனி விலகினால் கண்ணுக்கு எட்டிய வரை கீழே சமவெளி. ஆனால் எங்கள் பேக்கேஜில் 'ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் ரயில் பயணம்' என்று அச்சடித்திருந்தார்கள். அந்தப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருக்கிறது. எல்லவில் இறங்கிவிட்டால் பாலத்தில் ரயில் போகும்போது நீங்கள் உள்ளே இருக்க மாட்டீர்கள். இன்னும் ஒரு ஸ்டேஷன் தள்ளி தெமோதரை வரைக்கும் டிக்கெட் போட்டிருந்தால், பாலமும் கிடைத்திருக்கும், தண்டவாளம் ஒரு வட்டம் சுற்றி வந்து ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிற அந்த அதிசயத்தையும் காட்டியிருக்கலாம். பஸ்ஸை அங்கே வரச்சொல்வது பெரிய வேலையும் இல்லை. நிறுவனத்தில் கேட்டதற்கு, எல்லாருக்கும் இப்படித்தான் போடுகிறோம் என்றார்கள். 1921-ல் இரும்பே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய பாலம், கீழே நின்று பார்த்தாலும் அழகுதான், ஆனால் விற்ற பொருள் வேறு. முன்பதிவு இருக்கையா, கூட்டத்தில் நின்றுகொண்டு போகிற பெட்டியா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். படியில் தொங்கி ரீல்ஸ் எடுக்கிறவர்களைப் பார்த்து நீங்களும் தொங்காதீர்கள், சுரங்கச் சுவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் வருகிறது.

யால தேசியப் பூங்கா எனக்கு ஒத்துவரவில்லை. சிறுத்தை ஒன்று மரத்தில் இருக்கிறது என்று ஒரு ஜீப்புக்குத் தகவல் வந்தால் சுற்றுவட்டாரத்து ஜீப் எல்லாம் அங்கேதான், புழுதியும் டீசல் புகையும், பாவம் அந்த விலங்கு. யானை பார்ப்பதுதான் ஆசை என்றால் உடவளவைப் பூங்காவைக் கேளுங்கள், திறந்த புல்வெளி, கூட்டம் கூட்டமாக யானை.

காலிக் கோட்டையில் சாயங்காலம் மதில்மேல் நடந்தோம், போர்த்துக்கீசியர் ஆரம்பித்து டச்சுக்காரர்கள் பெரிதாக்கிய மதில், 2004 சுனாமியில் கோட்டைக்குள் இருந்தவர்களைக் காப்பாற்றியதும் அதுதான். இந்த ஊரில்தான் 1911-ல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. 1409-ஆம் ஆண்டுக் கல், செங் ஹே என்ற சீனத் தளபதி கொண்டுவந்தது, சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் வெட்டியிருக்கிறது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெற்குக் கரைக் கோயில் கடவுளான தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கைப் பட்டியல். அறுநூறு வருடத்துக்கு முன்னால் இந்துமாக் கடலில் வியாபாரம் செய்ய வந்த சீனன், தமிழும் வேண்டும் என்று நினைத்திருக்கிறான். அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். கடைசி நாள் கொழும்பில் எங்களுக்கு அரை நாள் இருந்தது, அதை ஒரு ஷாப்பிங் மாலில் கழிக்க வைத்தார்கள். நாங்கள் சிலர் ஆட்டோ பிடித்துப் போய் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வந்தோம், கைடு போகச் சொல்லி வழியும் நேரமும் எழுதிக் கொடுத்தார்.

சாப்பாட்டில் குழுவுக்குத் தினமும் 'இந்திய பஃபே', பனீரும் நான் ரொட்டியும். அங்கே போய் அதைச் சாப்பிடுவானேன்? காலையில் இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல் இருக்கிற ஹோட்டலாகக் கேளுங்கள். எருமைத் தயிரில் கித்துல் பாணி என்ற பனைவகைப் பாகை ஊற்றித் தருவதைக் கண்டிப்பாகச் சாப்பிடுங்கள். வழியில் டீக்கடையில் நிறுத்தச் சொன்னால் கைடுகள் நிறுத்துகிறார்கள், பிளேன்டீயும் மாலு பாண் என்ற பன்னும் போதும், மாலு பாணில் உள்ளே மீன் இருக்கும், சைவக்காரர்கள் கேட்டு வாங்குங்கள்.

எந்த மாதம் என்று கேட்பவர்களுக்கு: இந்த வழிக்கு டிசம்பர் பின்பாதியிலிருந்து மார்ச் வரை நல்லது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலைநாட்டிலும் தெற்குக் கடற்கரையிலும் இறங்கும். அந்த நேரத்தில் போவதானால் திருகோணமலைப் பக்கம் போகிற பேக்கேஜாகப் பாருங்கள், அங்கே அப்போது வெயில். யால வறட்சிக்காகப் பொதுவாக செப்டம்பரில் மூடிவிடும், அந்தத் தேதியில் யாலவைப் போட்டு விற்கிறவர்களிடம் அதற்குப் பதில் என்ன என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.