லினக்ஸில் டிஸ்க்கைப் பிரிக்க: தனி பார்ட்டிஷனா, எல்விஎம்மா, பிடிஆர்எஃப்எஸ்ஸா?

லாக் ஃபைல்கள் பெருகி, அவை இருக்கும் '/வார்' ஃபோல்டர் வீங்கினால், அதே பகுதியில் இருக்கும் ரூட்டும் (சிஸ்டத்தின் அடிப்படைப் பகுதி, '/') சேர்ந்தே நிரம்பும். பிறகு அப்டேட் ஓடாது, டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நின்றுவிடும். இதைத் தடுக்கத்தான் நடுவில் ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவரைப் பிறகு நகர்த்த முடியுமா என்பதில்தான் மூன்று வழிகளும் வேறுபடுகின்றன.

தனி பார்ட்டிஷனின் (டிஸ்க்கில் எல்லை போட்டுப் பிரித்த பகுதி) சுவர் உறுதியானது, ஆனால் எளிதில் நகராது. ரூட்டுக்கு 20 ஜிபி, அதை ஒட்டி பயனர் ஃபைல்களுக்கு '/ஹோம்' என்று போட்டிருந்தால், ரூட் போதாதபோது ஹோமின் தொடக்கத்தையே நகர்த்த வேண்டும். லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவி தரவு முழுவதையும் இடம் மாற்றி எழுதும்வரை காத்திருக்க வேண்டும். பாதியில் மின்சாரம் போனால், பேக்கப் எடுத்து வைத்தவர் மட்டுமே தப்புவார்.

எல்விஎம் (டிஸ்க் இடத்தை வால்யூம் எனும் பகுதிகளாகப் பங்கிடும் அடுக்கு) இடத்தை வழக்கமாக 4 எம்பி துண்டுகளாக வைத்திருக்கும். துண்டுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. அதனால் சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'எல்விஎக்ஸ்டெண்ட்' கட்டளை கொடுத்து ரூட்டைப் பெரிதாக்கலாம். கூடவே 'மைனஸ் ஆர்' சேர்த்தால் அதன்மேல் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டமும் விரிந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முதல் நாளே முழு டிஸ்க்கையும் பங்கு போட வேண்டாம். 500 ஜிபியில் 150 ஜிபியை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவையுங்கள்.

சுருக்குவதுதான் ஆபத்து. எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டம் என்றால் அன்மவுன்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து கழற்றி), சோதித்து, முதலில் ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்கி, அதன்பிறகுதான் வால்யூமைச் சுருக்க வேண்டும். வரிசை மாறினால் ஃபைல் சிஸ்டத்தின் வால் பகுதி வெட்டுப்படும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் வளரும், ஆனால் சுருக்கலாம் என்று நம்பி அதில் இறங்காதீர்கள்.

பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் உட்பிரிவுகளான சப்வால்யூம்கள் எல்லாமே ஒரே காலியிடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதாவது சுவரே கிடையாது. வேண்டுமானால் கியூகுரூப் என்ற அதன் இடக்கணக்கு வசதி வழியாக வரம்பு வைக்க வேண்டும். ஸ்னாப்ஷாட்கள் (ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைப்பவை) குவிந்தால் அந்தக் கணக்கு வைப்பதே சிஸ்டத்தை மந்தமாக்கும். பழைய ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும் ஃபைலை அழித்தாலும் இடம் திரும்பாது.

பெரும்பாலான கணினிகளுக்கு எல்விஎம் மேல் எக்ஸ்ட்4 போதும். பலர் பயன்படுத்தும் கணினியில் ஆளுக்கொரு வால்யூம் வெட்டாதீர்கள், கோட்டா (ஆளுக்கு இவ்வளவு இடம் என்ற வரம்பு) வையுங்கள். சாஃப்ட் வரம்பைத் தாண்டியவருக்கு வழக்கமாக 7 நாள் அவகாசம் உண்டு, ஹார்ட் வரம்பில் எழுத்து உடனே நிற்கும்.

எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்காக (சிஸ்டத்தின் நிர்வாகி) ஒதுக்கிவைக்கும். 1 டிபி தரவு டிஸ்க்கில் அதுவே 50 ஜிபி. 'டியூன்2எஃப்எஸ்' கட்டளை கொண்டு 1 சதவீதமாக்கலாம். இடம் இருந்தும் 'இடமில்லை' என்று பிழை வந்தால் 'டிஎஃப் மைனஸ் ஐ' கட்டளை கொடுத்துப் பாருங்கள். சின்னஞ்சிறு ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடுகளை (ஃபைலுக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவு இடங்கள்) தீர்த்திருக்கும். பெரிய லாக்கை அழித்தும் இடம் கூடவில்லையா? ஏதோ ஒரு புராசஸ் அதை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது. அதை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும்.