இரண்டு நிறுவனம், இரண்டு குப்பி, உள்ளே ஒரே ஆன்டிபாடி: சிசிஆர்5 வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

டி செல்களில் (ஒரு வகை வெள்ளை அணு) சிசிஆர்5 என்ற ஏற்பிப் புரதத்தைப் பார்க்க, அதை மட்டும் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடி தேடிக்கொண்டிருந்தால் ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஏழு மாத வேலை வீணாகிவிட்டது.

முதலில் வாங்கியது முயலில் தயாரித்த பாலிகுளோனல், அதாவது பல வகை ஆன்டிபாடிகளின் கலவை. வெஸ்டர்ன் பிளாட்டுக்கும் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்ப்பது) ஃப்ளோவுக்கும் (செல்களின் ஒளிர்வை ஒவ்வொன்றாக அளப்பது) உகந்தது என்று டேட்டாஷீட்டில் போட்டிருந்தார்கள், 40 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் சுத்தமான ஒற்றை பேண்டின், அதாவது புரதம் இருப்பதைக் காட்டும் பட்டையின், படமும் இருந்தது. சிசிஆர்5 352 அமினோ அமிலம் கொண்ட புரதம், எடையும் ஏறக்குறைய அந்த 40 கிலோடால்டன்தான். எனக்கும் அதே இடத்தில் பேண்ட் விழுந்ததால் சந்தேகம் வரவில்லை. ஆனாலும் ஒரே ஆன்டிபாடியை நம்பி எழுதக் கூடாது என்று வேறொரு நிறுவனத்திடம் இன்னொன்று வாங்கினேன். அதிலும் அதே பேண்ட். சரி, உறுதியாகிவிட்டது என்று மேலே போனேன்.

அப்புறம் பக்கத்து ஆய்வகத்தில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் சிசிஆர்5 மரபணுவை நீக்கிய செல்கள் கிடைத்தன. ஓட்டிப் பார்த்தால் அதிலும் பேண்ட், கொஞ்சம்கூட மங்கவில்லை, இரண்டு ஆன்டிபாடியிலும். சிசிஆர்5 இல்லாத செல்லிலும் பேண்ட் என்றால் அவை பிடித்தது வேறு எதையோ.

அன்று இரவு இரண்டு டேட்டாஷீட்டையும் அருகருகே திறந்து வைத்துப் பார்த்தேன். ஒரே படம், ஓரத்தில் இருந்த கீறல் உட்பட. இம்யூனோஜன் (ஆன்டிபாடி உருவாக விலங்குக்குச் செலுத்துவது) என்ற இடத்தில் இரண்டிலும் ஒரே பெப்டைடு, அதாவது ஒரே புரதத் துண்டு. இரண்டாவது நிறுவனத்துக்கு எழுதினேன், வணிக ரகசியம் என்றார்கள். மூன்றாவது மடலுக்குத்தான் தயாரிப்பாளர் ஒருவரே, லேபிள் மட்டும் தங்களுடையது என்று ஒப்புக்கொண்டார்கள். வாங்குகிறவர்கள் இரண்டாவது ஆன்டிபாடியை எதற்காக வாங்குகிறார்கள் என்று தெரிந்தும் இதை மறைப்பது ஏமாற்று வேலை, வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெப்டைடு புரதத்தின் சி முனையிலிருந்து, அதாவது கடைசி முனையிலிருந்து, எடுத்தது. அந்த முனை செல்லுக்கு உள்ளே இருக்கிறது. சவ்வில் துளையிடாத உயிருள்ள செல்லில் ஆன்டிபாடி அதைத் தொடவே வழியில்லை, பிறகு எப்படி ஃப்ளோவுக்கு உகந்தது என்று எழுதினார்கள்? எனக்கு ஃப்ளோவில் ஒளிர்ந்தவை செத்த செல்கள், செத்த செல்களை அடையாளம் காட்டும் உயிர்ச்சாயம் சேர்த்து அவற்றை விலக்கியதும் ஒன்றும் மிஞ்சவில்லை.

முதல் நிறுவனமோ பெப்டைடு சேர்த்தால் பேண்ட் மறைகிறதே, அதுவே ஆதாரம் என்று படம் அனுப்பியது. பெப்டைடு ஆன்டிபாடியின் பிடிக்கும் இடத்தையே அடைத்துவிடும், ஆகவே அது தவறான புரதத்தைப் பிடித்திருந்தாலும் பேண்ட் மறையத்தான் செய்யும். மாற்றாக அனுப்பிய குப்பியும் அதே லாட், அதாவது அதே தயாரிப்புத் தொகுதி. பணத்தைத் திருப்பித் தர முடியாது, ஏனென்றால் அவர்கள் சோதித்தது சிசிஆர்5-ஐ அளவுக்கு மீறி உற்பத்தி செய்யவைத்த செல்களில், உத்தரவாதம் அதற்கு மட்டும்தானாம்.

வாங்குமுன் மரபணு நீக்கிய செல்களில் எடுத்த படத்தைக் கேளுங்கள். ஃப்ளோவுக்கு என்றால் செல்லுக்கு வெளியே உள்ள பகுதியைப் பிடிக்கும், குளோன் பெயர் (எந்தச் செல் வழியிலிருந்து வந்தது என்ற அடையாளம்) போட்ட மோனோகுளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி மட்டும் உள்ளது) வாங்குங்கள். சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்து விடுபட்ட டெல்டா 32 மாற்றத்தை இரு பிரதியிலும் கொண்டவர்களின் செல் கிடைத்தால் இன்னும் நல்லது, அவர்களின் செல் மேற்பரப்பில் சிசிஆர்5 இருக்காது, இயற்கையே தந்த நெகட்டிவ் கண்ட்ரோல் (ஒளிர்வு வரக் கூடாத ஒப்பீட்டு மாதிரி) அது. இரண்டாவது ஆன்டிபாடி வாங்கும்போது இம்யூனோஜனை ஒப்பிடுங்கள், தயாரிப்பது யார் என்று எழுத்தில் கேளுங்கள்.

அந்த இரண்டு ஆன்டிபாடியால் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் என் கட்டுரை வரைவிலிருந்து நீக்கிவிட்டேன். இரண்டு டேட்டாஷீட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன, அதே கீறலோடு.