ஆறு வருடமாக ஒரே கோட்: கேஸ்லி-ஹேஃபோர்ட்

2019 கடைசியில் லண்டன் மேரிலபோன் பக்கம், பழைய பொருட்களை விற்கும் ஒரு சாரிட்டி கடையில் இந்தக் கருநீலக் கம்பளிக் கோட்டை எடுத்தேன். விலை 85 பவுண்ட். உள்பக்கத்தில் கேஸ்லி-ஹேஃபோர்ட் என்ற பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அந்த வருட ஜனவரியில்தான் உடை வடிவமைப்பாளர் ஜோ கேஸ்லி-ஹேஃபோர்ட் 62 வயதில் இறந்திருந்தார். அவரும் மகன் சார்லியும் 2009-இல் சேர்ந்து தொடங்கிய ஆண்கள் உடைப் பெயர் அது.

கண்ணாடி முன் நின்றபோதே ஒரு கணக்குப் போட்டேன். அளவாக உட்காரும் தோள் அப்பாவின் வேலை, தொளதொளவென்று விட்ட கோட்டின் உடற்பகுதி மகனுடைய குறும்பு என்று. ஜோ 2005 முதல் 2008 வரை, லண்டனின் பேர்பெற்ற தையல்காரர் தெருவான சாவில் ரோவில் முதலாம் எண் கட்டிடத்தில் இருந்த பழைய தையல் நிறுவனம் கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸின் படைப்பு இயக்குநர் ஆயிற்றே. மரபு அவர் பக்கம்தானே இருக்கும்?

அப்புறம் படித்துப் பார்த்தால் கணக்கு தலைகீழ். பழைய ராணுவக் கூடாரத் துணியை வெட்டி உடை தைத்தவர் அப்பா. யூ2 என்ற அயர்லாந்து ராக் இசைக்குழுவுக்கு உடை செய்தவரும் அவரே. மகனோ லண்டனின் கோர்டால்ட் கல்வி நிறுவனத்தில் கலை வரலாறு படித்தவர். ஆங்கிலேயத் தையல் மரபும் பிரிட்டிஷ் கலகக் குணமும் சேர்ந்ததுதான் தங்கள் வழி என்று இருவரும் சொல்லிவந்தார்கள். அதை அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று பாகம் பிரிப்பது நம்மைப் போன்றவர்களின் சோம்பேறித்தனம்.

சரி, கோட்டுக்கு வருகிறேன். வாரத்தில் மூன்று நாள் அலுவலகத்துக்குப் போடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது அக்குள் வெட்டு. அது உடம்பை ஒட்டி மேலேயே நிற்கிறது. டியூப் என்னும் லண்டன் சுரங்க ரயிலில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் கை மட்டும்தான் போகும். கோட் முழுக்கக் கூடவே ஏறி, சட்டை வெளியே வராது. அக்குளைத் தாராளமாக இறக்கி வெட்டினால் வசதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது அசைவைக் குறைக்கும். முதல் நாள் மட்டும் இறுக்கமாகத் தோன்றும். ஒரு வாரம் பொறுத்தால் மற்ற கோட்டுகள் மூட்டை மாதிரித் தெரியும்.

கை நீளம்தான் வம்பு. முன்பு போட்டவர் என்னைவிட உயரம் போல. மணிக்கட்டுப் பட்டன்களுக்கு நிஜமாகவே துளை வெட்டியிருந்தது. அப்படி இருந்தால் நுனியில் மடித்துக் குறைக்க முடியாது, துளை விளிம்புக்கு வந்து நிற்கும். கையை முழுக்கக் கழற்றித் தோள்பக்கமாகத்தான் குறைக்க வேண்டும். தையல்காரர் கேட்ட கூலி கோட்டின் விலையை நெருங்கியது. முனகிக்கொண்டே கொடுத்தேன். பழைய கோட் வாங்குபவர்கள் முதலில் மணிக்கட்டைப் பாருங்கள்.

2021-இல் ஒரு டிரை கிளீனிங் கடையில் கொடுத்தேன். நெஞ்சில் மெல்ல உருண்டு மடிந்திருந்த காலரை அட்டை மாதிரி தட்டையாக அழுத்திக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் ஆவி காட்டி, விரலால் உருட்டி, தோள் அகலமான ஹேங்கரில் ஒரு இரவு விட்டதும் பெரும்பாலும் திரும்பிவிட்டது. அதற்குப்பின் வருடத்துக்கு ஒருமுறைதான் சலவை. மற்ற நாட்களில் பிரஷ், காற்று, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அந்துப்பூச்சி. பின்பக்கம் இரண்டு துளை. கோட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்தேன், பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில். பிறகு துளை தெரியாமல் நெய்து தருபவரிடம் போனது. உள்மடிப்பிலிருந்தே நூல் உருவி அடைத்தார். வெயிலில் தேடினால் ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். மற்றது எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

இடது தோளில் துணி கொஞ்சம் பளபளக்கிறது. குற்றம் முதுகுப்பையை அங்கேயே மாட்டும் என்னுடையது.

ஜோவும் சார்லியும் 2018-இல் மேரிலபோனில் சில்டர்ன் தெருவில் கடை திறந்தார்கள். அதன் உள் அலங்காரம் சார்லியின் மனைவி சோஃபி ஆஷ்பி செய்தது. ஜோவுக்கு அந்தக் கடையில் சில மாதங்களே வாய்த்தன. அந்தத் தெருப்பக்கம் போகும்போதெல்லாம் இந்தக் கோட்டின் பட்டனைப் போட்டுக்கொள்கிறேன், ஏனென்று தெரியாது.

போன மாதம் அக்குள் லைனிங் கிழிந்தது. சனிக்கிழமை அதே தையல்காரரிடம் கொண்டுபோகிறேன்.