வெளிச்சுவர் கேஸ் பைப்: பெயின்டா, டேப்பா?

வெளியே போகும் கேஸ் பைப்பில் டேப் சுற்றியிருந்தால், குளிருக்காக என்று நினைத்துவிடுகிறோம். குழாயில் வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன்; சாதாரண அழுத்தத்தில் அது திரவமாக மைனஸ் 162 டிகிரி வேண்டும். எந்த ஊர்க் குளிருக்கும் அது அசையாது. எதிரி துருதான்.

காற்றோட்டமாகச் சுவரை ஒட்டிப் போகும் இரும்புக் குழாய்க்குப் பெயின்டே போதும். உரிந்தால் கண்ணில் படும், சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கலாம். மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் இந்தக் கதை நடக்காது. அங்கே ஈரம் புகாத துருத்தடுப்பு டேப்பை, ஒரு சுற்றின் மேல் அடுத்தது பாதி ஏறும்படி சுற்ற வேண்டும்.

டேப்பில் ஒரு வம்பு: ஓரம் பிரிந்தால் மழைநீர் உள்ளே தங்கி, வெளியே தெரியாமலே அரிக்கும். ஸ்பாஞ்ச் உறையா? அது இன்னும் மோசம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். திறந்த இடமென்றால் என் ஓட்டு பெயின்டுக்கே.