பாப்பர் பர்ன் டெக்: நீண்ட நாள் ஆடியபின் எது நிற்கிறது, எது போகிறது

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் காமன் (சாதாரண) தரத்தில் அச்சான கார்டுகளை மட்டும் வைத்து ஆடுவது பாப்பர். 2019-ல் ஆன்லைனுக்கும் காகிதக் கார்டுக்கும் ஒரே விதிப்பட்டியல் வந்தது. மதுரையிலிருந்து ஆடுகிறவர்களுக்குக் கட்டுப்படியாகிற முறை இதுதான். அதில் பர்ன் டெக்கை (எதிராளியின் உயிரை நேரடியாக அடித்துக் குறைக்கும் 60 கார்டுக் கட்டை) மாற்றி மாற்றி ஆடிப் பார்த்ததில் தேறியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. எதிராளிக்கு 20 உயிர். நம் அடி பெரும்பாலும் மூன்று மூன்றாகத்தான் விழும், ஆக ஏழு கார்டு வேண்டும். முதலில் ஆடுகிறவர் நாலாவது டர்னுக்குள் (முறைக்குள்) பார்ப்பது 10 கார்டு. அதில் ஏழு அடி, மூன்று லேண்ட் (கார்டு போடத் தேவையான மானா என்ற சக்தியைத் தருவது) என்றால் 60-க்கு 18 லேண்ட். இந்த எண்ணைக் குறைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். 16-க்கு இறக்கினால் முதல் ஏழு கார்டில் லேண்டே இல்லாமலோ ஒன்று மட்டுமோ வருவதற்கு 39 சதவீதம் வாய்ப்பு. 18-ல் அது 31, 20-ல் 25. மறுபக்கம், நாலு அல்லது அதற்கு மேல் லேண்ட் குவிவது 16-ல் 7 சதவீதம், 18-ல் 11, 20-ல் 16. பெரும்பாலும் ஒரு மானா கார்டுகளே உள்ள டெக்குக்கு 18 போதும். 16-ல் ஜெயித்த ஆட்டம் மனதில் நிற்கும். ஒற்றை மவுண்டனோடு (சிவப்பு மானா தரும் லேண்ட்) செத்த ஆட்டத்தை மட்டும் கெட்ட நேரம் என்று தள்ளிவிடுவோம்.

மிச்சம் 42 கார்டு. லைட்னிங் போல்ட், செயின் லைட்னிங், லாவா ஸ்பைக், ரிஃப்ட் போல்ட், ஸ்க்யூவர் த கிரிட்டிக்ஸ், ஃபயர்பிளாஸ்ட், சியரிங் பிளேஸ், தெர்மோ ஆல்கெமிஸ்ட், கெல்டன் மராடர்ஸ் ஆகியவை தலா நாலு. மீதி ஆறு இடத்துக்கு நீடில் டிராப் மூன்று, கர்ஸ் ஆஃப் த பியர்ஸ்ட் ஹார்ட் மூன்று. டெக்கைச் செதுக்குகிற வேலையெல்லாம் இந்த ஆறு இடத்திலும் ஃபயர்பிளாஸ்டிலும் லேண்டிலும்தான். முதல் இருபது அடிக் கார்டுகளில் கை வைக்கவே வேண்டாம்.

ஒரு கார்டை மாற்றியதும் வெற்றி தோல்வியை எண்ணிப் பார்ப்பதுதான் வழக்கம். அது ஏமாற்றும். சமபலமுள்ள டெக்கே 20 ஆட்டத்தில் 12-ஓ அதற்கு மேலோ ஜெயிப்பது நாலில் ஒரு தடவை நடக்கும். அதனால் நோட்டில் வேறொன்றைக் குறிப்பது நல்லது: ஆட்டம் முடிந்தபோது கையில் தேங்கிக் கிடந்த கார்டு எது, ஏன் தேங்கியது. இருபது ஆட்டம் போனாலே ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

அப்படி அதிகம் வந்த பெயர் இரண்டாவது ஃபயர்பிளாஸ்ட். இரண்டு மவுண்டனைப் பலி கொடுத்து 4 அடி என்பது ஆட்டத்தை முடிக்க அருமையானது. இரண்டு வந்தால் நாலு மவுண்டன் கேட்கும். நாலிலிருந்து மூன்றாகக் குறைத்ததில் இழப்பு தெரியவில்லை. லேண்ட் குவியாமலிருக்க ஃபர்காட்டன் கேவ் (ஒரு மானா கொடுத்துக் கைவிட்டு வேறு கார்டு எடுக்கக்கூடிய லேண்ட்) இரண்டு சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது மவுண்டன் இல்லை. கையில் ஃபயர்பிளாஸ்ட், மேஜையில் ஒரு மவுண்டனும் ஒரு கேவும், எதிராளிக்கு 4 உயிர் என்றால் அடிக்க முடியாது. போதாததற்கு அது டேப் ஆகியே இறங்கும், அதாவது இறக்கிய டர்னில் மானா தராது. என் கணிப்பில் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

சியரிங் பிளேஸ் இரண்டு விதமாகத் தேங்கும். எதிராளியிடம் கிரீச்சர் (மேஜையில் நின்று சண்டையிடும் உயிரினக் கார்டு) இல்லையென்றால் போடவே முடியாது. இருந்தாலும், அந்த டர்னில் நாம் லேண்ட் இறக்கியிருந்தால்தான் 3 அடி, இல்லையென்றால் 1. எனவே மூன்றாவது லேண்டைக் கைக்கு வந்ததும் இறக்காமல், அடிக்கப்போகிற டர்னுக்கு வைத்திருப்பது பல சமயம் சரி. ஸ்க்யூவர் ஒரு மானாவுக்குக் கிடைக்க எதிராளி அந்த டர்னில் முன்பே உயிர் இழந்திருக்க வேண்டும். முதல் டர்ன் ரிஃப்ட் போல்ட்டை சஸ்பெண்ட் செய்தால் (ஒரு மானாவுக்கு ஒதுக்கி வைத்தால்) இரண்டாம் டர்ன் தொடக்கத்தில் 3 விழும். பிறகு ஸ்க்யூவர் 3, லைட்னிங் போல்ட் 3. இரண்டே லேண்டில் 9. எதிராளியின் ஒவ்வொரு டர்னிலும் 1 அடிக்கும் கர்ஸ் முதல் கையில் வந்தால் தங்கம், ஆறாவது டர்னில் வந்தால் குப்பை, மூன்று ஒன்றானது. காலியான மூன்று இடத்தில் கேவ் ஒன்றும் லாவா டார்ட் இரண்டும் போயின.

சைடுபோர்டில்தான் (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் 15 கார்டு) உள்ளூர் வட்டம் சிறியதாக இருப்பதன் கேடு தெரியும். அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் அதே நாலைந்து பேரோடு ஆடினால், 15 கார்டும் அந்த நாலைந்து டெக்குக்கு எதிராகவே அமைந்துவிடும். சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால் பாதி பயன்படாது. ஆன்லைனில் பரவலாக ஓடும் டெக்குகளை ப்ராக்சி (நகல் கார்டு) அடித்து வைத்து ஆடுவதே மருந்து. கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் ஏ4 தாளில் ஒன்பது கார்டு அடங்கும் (ஒன்று 63 × 88 மி.மீ.); 75 கார்டுக்கு ஒன்பது தாள். கடைக்காரரிடம் 'ஃபிட் டு பேஜ்' வேண்டாம், 100 சதவீதம் என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அளவு மாறிவிடும். வெட்டி, வேண்டாத கார்டுக்கு முன்னால் வைத்து ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறையில்) போட்டால் தடிமன் சரியாக இருக்கும். அதிகாரபூர்வப் போட்டியில் இவை செல்லாது, பயிற்சிக்கு மட்டுமே.

இப்போது நிற்கிற 15: பைரோபிளாஸ்ட் 4, ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ் 4, ரெலிக் ஆஃப் ப்ரொஜெனிட்டஸ் 3, எலெக்ட்ரிக்கரி 2, ஃப்ளேரிங் பெய்ன் 2. ஸ்மாஷ் ஆர்ட்டிஃபேக்ட்டை (கருவிக் கார்டை) உடைப்பதோடு 3 அடியும் அடிப்பதால் நாலையும் தயங்காமல் உள்ளே எடுக்கலாம். நீலக் கார்டைத் தடுக்கும் பைரோபிளாஸ்ட் உயிரைக் குறைக்காது, சிவப்பைத் தடுக்கும் ஹைட்ரோபிளாஸ்ட் வைத்திருக்கும் நீல டெக்குக்கு எதிராகக்கூட நாலில் இரண்டை உள்ளே எடுத்தால் போதும். பச்சை டெக்குக்கு எதிராகக் கார்டைவிட ஆடும் விதம் முக்கியம். வெதர் த ஸ்டார்ம் அந்த டர்னில் அதற்கு முன் யார் போட்டிருந்தாலும் ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் (லேண்ட் அல்லாத கார்டுக்கும்) கூடுதலாக 3 உயிர் தரும். நாம் இரண்டு போட்டிருந்தால் எதிராளிக்கு 9. அவர் இரண்டு லேண்டைத் திறந்து வைத்திருந்தால் டர்னுக்கு ஒன்றாகப் போடுவதே நல்லது.

ஸ்லீவ் விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். மதுரை வெயிலில் கை வியர்த்து, சில ஸ்லீவ் மட்டும் முதுகில் பளபளப்பு ஏறும். அது அடையாளமிட்ட கார்டாகக் கருதப்படலாம். தேய்ந்ததை மட்டும் மாற்றினால் புதியது தனியாகத் தெரியும், 75-ஐயும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஃபாயில் (பளபளப்புப் பூச்சுள்ள) கார்டு வளையும், கட்டுக்குள் அது இருக்கும் இடம் தெரிந்துவிடும். போட்டி டெக்கில் ஃபாயில் வேண்டாம். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், சித்திரை வெயிலில் வண்டி டிக்கியில் விடாதீர்கள். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் சைடுபோர்டைப் பிரித்து 60-ஐயும் 15-ஐயும் தனித்தனியாக எண்ணிவிட்டுத்தான் அடுத்த மேஜைக்குப் போக வேண்டும்.