கேஸ் புரூடர்: இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு

நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன நாட்டுக்கோழிக் கொட்டகை இருக்கிறது. ஒரு பேட்சுக்கு 300 குஞ்சு விடுவோம். முதல் வாரக் குஞ்சுக்கு 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். அப்புறம் வாரம் 5 டிகிரி குறைத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? நூறு வாட் பல்பு ஆறை நம்பி ஒரே ராத்திரியில் 40 குஞ்சைப் பறிகொடுத்த பிறகுதான் 4,200 ரூபாய் கொடுத்து, கேஸில் எரிந்து குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் இந்தப் புரூடரை வாங்கினோம்.

சூட்டில் குறையே சொல்ல முடியாது. குடை மாதிரி ஒரு தகடு, அதற்கடியில் செக்கச்செவேலென்று பழுக்கும் பீங்கான் தட்டு. சங்கிலியில் மூன்றடி உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். குஞ்சுகள் அடியிலேயே குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். சங்கிலியில் ஒரு கண்ணி ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும். தீ அணைந்தால் கேஸும் தானாக நின்றுவிடும். அதற்காகத்தான் பற்றவைக்கும்போது குமிழை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அது தெரியாமல் முதல் நாள் முழுக்க மெஷினைத் திட்டித் தீர்த்தேன். தமிழில் ஒரு துண்டுச் சீட்டாவது வைத்திருக்கலாம்.

கூடவே கொடுத்த டியூப்தான் மட்டம். "இதுவே பத்து வருஷம் வரும்மா" என்றார் கடைக்காரர். தையில் சம்பா அறுப்பு முடிந்ததும் வயல் எலியெல்லாம் கொட்டகைக்குக் குடிவந்தன. ஒருநாள் காலையில் கேஸ் நாற்றம். நல்லவேளை, அப்போது புரூடர் எரியவில்லை. வால்வை மூடிவிட்டு டியூபைத் தடவிப் பார்த்தால், கிளிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டு பல் தடம். கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தங்கும். தரையில் எங்களுக்கு உமியும் குஞ்சும். அன்றைக்கே உள்ளே கம்பி ஓடும் ஐ.எஸ்.ஐ. டியூப் வாங்கி மாட்டினோம். சிலிண்டரும் வெளியே தாழ்வாரத்துக்குப் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு பேட்சுக்கு முன்னாலும் டியூபில் சோப்புத் தண்ணீர் தடவி, சோப்புக் குமிழி விடுகிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

இன்னொன்று என் தப்பு. கார்த்திகை அடைமழையில் சாரல் அடிக்கிறதே என்று நாலு பக்கமும் தார்ப்பாயைத் தரைவரை இறக்கிக் கட்டிவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு அத்தைதான் எழுப்பினார்: "ஏம்மா, குஞ்செல்லாம் சத்தமே இல்லாம கெடக்கு." உள்ளே போய்ப் பார்த்தால் தீ மஞ்சளாக எரிகிறது, எனக்கே தலை கிறுகிறுத்தது. தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு வெளியே ஓடிவந்தோம். 11 குஞ்சு போய்விட்டது. காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். சிலிண்டர் கேஸாவது நாறும், இதற்கு வாசனையே கிடையாது. இப்போது எவ்வளவு மழை பெய்தாலும் மேலே ஒரு முழம் திறந்தேதான் இருக்கும்.

கேஸ் செலவு: 5 கிலோ சிலிண்டர் எங்களுக்கு 40 மணி நேரம் வந்தது. ஆனால் விடியற்காலையில் சிலிண்டர் மேலெல்லாம் வியர்த்து, தீ சுருங்கிவிடும். நீல நிற 19 கிலோவுக்கு மாறியபின் அந்தத் தொல்லை இல்லை, ராத்திரி மட்டும் எரித்தால் பதினைந்து நாள் வருகிறது. வீட்டுச் சிவப்புச் சிலிண்டரை இதற்கு மாட்டக் கூடாது, சட்டப்படியும் தப்பு.

உமித்தூசி காற்றுத் துளையை அடைக்கும், கேஸ் பீறிட்டு வரும் சின்னத் துளையான ஜெட்டையும் அடைக்கும். மெல்லிய பெயின்ட் பிரஷ் போதும். எங்கள் வீட்டுக்காரர் ஊக்கை விட்டுக் குத்தி ஜெட்டின் துளையைப் பெரிதாக்கிவிட்டார். அன்றிலிருந்து தீ எகிறுகிறது.

மெஷினைத் தாராளமாக வாங்கலாம், டியூபுக்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அடுத்த பேட்சைப் புரட்டாசிக் கடைசியில் இறக்குகிறோம். புது ஜெட்டுக்குச் சொல்லியாயிற்று, 180 ரூபாயாம். ஊக்கை ஒளித்து வைத்துவிட்டேன்.